முடிச்சூர் வரை கேட்ட சாட்சி

இந்த இரண்டு வருஷமாகத் தாம்பரம் பக்கத்தில் கல்யாண ரிசப்ஷன், பள்ளி ஆண்டு விழா என்று எங்கே போனாலும் கிடாரோடு தனியாக நின்று பாடுகிற ஒருவனைப் பார்த்திருப்பீர்கள். அவன் என் தம்பி சுவிசேஷமுத்து. பாட்டுக்கு நடுவே ஒரு வார்த்தை பேச மாட்டான். வணக்கம்கூடச் சொல்ல மாட்டான். பாடுவான், இறங்குவான். பெரிய கர்வி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கர்வமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது வெட்கம். அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று அவன் சொல்ல மாட்டான், அதனால் நான் சொல்கிறேன்.

அவனுக்குக் குரல் நன்றாக இருக்கும். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அக்கா என்றால் குறைத்துத்தான் சொல்வேன். பத்து வயதில் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவன் தனியாக எழுந்து பாடியபோது, யாரையும் லேசில் பாராட்டாத எங்கள் அப்பாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்பா வேதசிரோமணி பள்ளித் தலைமையாசிரியர். நான் பியூலா, நானும் டீச்சர். வீட்டில் சாக்பீஸ் தூள் படாமல் வளர்ந்தவன் சுவி ஒருவன்தான்.

அறுபத்தாறில் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பழைய கிடாரை வாங்கி வந்தான். ரயில்வே காலனியில் டெஸ்மண்ட் என்று ஓர் ஆங்கிலோ இந்தியப் பையன், டிரைவர் மகன், அவனுக்கும் கிடார் தெரியும். இரண்டு பேருமாகச் சேர்ந்து 'தி ரெட் சிக்னல்ஸ்' என்று ஒரு ராக் கோஷ்டி தொடங்கினார்கள். "சிவப்பு சிக்னல்னா நில்லுன்னு அர்த்தம். இவனுங்க எங்கே நிக்கிறானுங்க?" என்பார் அப்பா. நிஜமாகவே நிற்கவில்லை. இரண்டே வருஷத்தில் ரயில்வே இன்ஸ்டிடியூட், காலேஜ் விழா, பட்டணத்து ஹோட்டல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குரோம்பேட்டைக் கம்பெனி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்தவன், மாலையானால் இறுக்கமான பேன்ட்டை மாட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் ரயிலில் ஏறிவிடுவான்.

டிரம்ஸ் வாசித்தவன் முனிரத்தினம். முடிச்சூர்க்காரன். டெஸ்மண்ட் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன், இவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே ஏணியில் நின்றபடி சுண்ணாம்பு டப்பாவில் தட்டினானாம். டெஸ்மண்ட் அவனை இறக்கி டிரம்ஸ் முன்னால் உட்காரவைத்தான். அதற்குப் பிறகு அவனை அந்த இடத்திலிருந்து யாரும் எழுப்பவில்லை. அவன் அப்பா கள்ளச்சாராயத்தில் செத்தவர். அம்மா அங்காளம்மாள் ஒரு துண்டு நிலத்தில் கீரை போட்டுத் தாம்பரம் மார்க்கெட்டில் விற்று இவனை வளர்த்தாள். போகிற வழியில் எங்கள் வீட்டுக்கும் கட்டுக் கீரை போடுவாள். முனிரத்தினம் வந்தால் நான் காபி கொடுப்பேன். "போதும்க்கா, காப்பியே எனுக்கு ஏறிக்கும்" என்று பாதி டம்ளரிலேயே நிறுத்திவிடுவான்.

அறுபத்தொன்பது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி இன்ஸ்டிடியூட்டில் நடனம். சிக்னல்ஸ்தான் வாசித்தார்கள். எங்கள் சபையில் விடியற்காலை ஆராதனை, தனிப்பாட்டு வழக்கம்போல் சுவிக்கு. முனிரத்தினம் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். சுவி முகத்தைக் கழுவிக்கொண்டு, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு பாடகர் குழுவில் வந்து நின்றான். முறை வந்தது. வாயைத் திறந்தான். பாட்டு வரவில்லை, மற்றதெல்லாம் வந்தது. அங்கியெல்லாம் நாசம், முன்வரிசையில் இருந்த ரத்தினபாய் டீச்சரின் புதுப் பட்டுப்புடவையும் நாசம். மெழுகுவர்த்தி வாசனையை மீறி ரம் வாடை கோயில் முழுக்க அடித்தது. அப்பா எழுந்து வெளியே போனார். ஆராதனைக்கு நடுவில் அவர் எழுந்துபோய் நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டில் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யாருடா உனக்கு ஊத்திக் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.

"முனிரத்தினம்" என்றான் சுவி.

அது பொய். பொய் என்று எனக்கு ஆறு வருஷத்துக்கு மேல் தெரியாது. அப்பாவும் நம்பினார், நானும் நம்பினேன். சொந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

அந்த அவமானத்தில் எங்கள் வீடு நான்கு மாதம் கூனிக் குறுகிக் கிடந்தது. அப்போதுதான் சகோதரர் லாசரஸ் வந்தார். ஏதோ ஆபீசில் சூப்பரின்டென்டன்ட். ஆனால் உயிர் முழுக்க வருஷாவருஷம் மே மாதம் முடிச்சூர் ரோட்டு மைதானத்தில் அவர் நடத்துகிற கன்வென்ஷன் என்ற பெருங்கூட்டத்தில்தான். கெட்ட மனுஷர் இல்லை. கூட்டம் நிறைய வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. சுவி மனந்திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டு, சாட்சி சொல்லக் கூப்பிட்டார்.

எங்கள் கூட்டங்களைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரசங்கத்துக்கு முன்னால் மனந்திரும்பின ஒருவர் மேடையேறி, முன்னால் எப்படி இருந்தேன், இப்போது ஆண்டவர் என்னை எப்படி வைத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். முன்னால் எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்ல சாட்சி. ஒழுங்காக வாழ்ந்தவர்களுக்கு இதில் பெரிய சங்கடம்தான். எனக்கெல்லாம் சொல்ல ஒன்றுமே இல்லை.

"பொதுவா பாவம் செஞ்சேன்னு சொல்லக்கூடாது தம்பி. பேர், ஊர், இடம் எல்லாம் வரணும். அப்போதான் ஜனங்க மனசு உடையும்" என்று லாசரஸ் சொல்லிக்கொடுத்தார். சுவிக்கு வேறு வழியில்லை. அப்பாவிடம் சொன்ன பேரையே மேடையிலும் சொல்ல வேண்டியதாயிற்று. "முடிச்சூர் முனிரத்தினம் என்ற குடிகாரன் சாராயம் வாங்கி வந்து என் வாயில் ஊற்றினான்" என்றான். அந்தக் குரலில் அதைக் கேட்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. கடைசியில் கிடாரைக் கொண்டுவந்து மேடையில் லாசரஸ் காலடியில் வைத்தான். பந்தல் முழுக்க அழுதது.

இரட்சிக்கப்படாத ஜனங்கள் வீட்டில் இருந்தபடியே கேட்கட்டும் என்று கன்வென்ஷனில் நான்கு திசைக்கும் ஹார்ன் ஒலிபெருக்கி கட்டுவது வழக்கம். மேற்கே பார்த்த ஹார்ன் ஒரு பனைமரத்தில் இருந்தது. அதற்கு அப்பால் முடிச்சூர் வரை வெறும் வயல், சத்தத்தை நிறுத்த ஒன்றும் கிடையாது. பந்தலுக்குள் பாயில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குச் சொல்வதாகத்தான் சுவி நினைத்தான். ஹார்ன் எதற்குக் கட்டியிருக்கிறது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் மறந்துபோயிற்று.

முனிரத்தினம் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அங்காளம்மாளும் கீரை போடுவதை நிறுத்திவிட்டாள். டெஸ்மண்ட் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. சுவி மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை. பல்லாவரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஊர் ஊராகச் சாட்சி சொன்னான். ஒவ்வொரு ஊருக்கும் கதை கொஞ்சம் வளர்ந்தது. ஊரப்பாக்கத்தில் முனிரத்தினம் கத்தியைக் காட்டினான் என்றுகூடக் கேள்விப்பட்டேன். பாட்டு மட்டும் கூடாது, பாட்டை விட்டவன் என்பதுதானே சாட்சியே! ஆனால் குளிக்கும்போது முனகுவான். சொந்தமாக மெட்டுப் போடுகிறான் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் விழுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அவன் நினைப்பு.

எழுபத்தாறில் காற்று மாறியது. கிடார் வைத்துப் பாடினால்தான் வாலிபர்கள் வருகிறார்கள் என்று லாசரஸ் கண்டுபிடித்துவிட்டார். ஆறு வருஷமாகத் தன் வீட்டு அலமாரி மேல் கிடந்த கிடாரைத் தூசி தட்டி எடுத்து வந்து, "கர்த்தர் உனக்குத் திருப்பித் தருகிறார்" என்று சுவி கையில் கொடுத்தார். எடுத்துப்போனது கர்த்தர் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். மே மாதக் கன்வென்ஷனில் சுவி முதலில் சாட்சி சொல்ல வேண்டும், பிறகு தனியாக, தன் சொந்தப் பாட்டுகளைப் பாட வேண்டும். கூட்டத்துக்குப் பிடித்தால் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் இசைத்தட்டு. அட்டையில் அவன் பேர், அவன் படம். துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதுக் கம்பி மாட்டினவன், ஒவ்வொன்றையும் காதோடு வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டதைப் பார்த்தேன். அத்தனை ஆசையை வைத்துக்கொண்டு இவன் எப்படி ஆறு வருஷம் இருந்தான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மைக் சரிபார்க்கப் போனான். பெண்கள் பக்கத்துக்குப் பாய் போதுமா என்று பார்க்க நானும் கூடப் போனேன். மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் பெட்டி. பெட்டியில் 'அங்காளம்மாள் சவுண்ட் சர்வீஸ், முடிச்சூர்' என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தது. பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தவன் முனிரத்தினம். மைக்செட் வாடகைக்கு விடுகிற தொழில் போலிருக்கிறது. லாசரஸுக்கு அவன் முகம் தெரியாது, பேரையும் கேட்டிருக்க மாட்டார், அதனால் அமர்த்திவிட்டார்.

"இன்னாடா சுவி, நல்லா கீறியா?" என்றான். சுவியின் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, ஐயா நல்லா கீறாரா?" என்று கேட்டான். குடிகாரன் என்று நம்பிக்கொண்டிருந்த நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இருக்கார்" என்றேன்.

"நாளைக்கும் அதே கதைதானா?" என்று சுவியைக் கேட்டான்.

சுவி கிடாரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முனிரத்தினம் பெட்டியின் மேல் எழுதியிருந்த பேரை விரலால் தொட்டான். "எங்கம்மா செத்து மூணு வருசம் ஆவுது. உனுக்குத் தெரியாது. அன்னிக்கு நீ பேசச்சொல்ல, அது கொல்லைல கீரை புடுங்கிகினு இருந்திச்சி. ஹார்ன்ல எம்பேரு, ஊரு பேரோட. ஓடியாந்து, ஊத்துனியாடா, நீயும் குடிச்சியாடான்னு கேட்டிச்சி. இல்லம்மான்னேன். நம்பல. கற்பூரம் ஏத்தி அணைச்சி சத்தியம் பண்ணேன். அப்பவும் நம்பல. வேதக்காரங்க சாமி மேடைல நின்னு பொய் சொல்லுவாங்களாடான்னு கேட்டிச்சி. அதுக்கு நா இன்னா பதில் சொல்றது, நீயே சொல்லு."

சுவி, "முனி" என்றான்.

"சாவுற வரிக்கும், நா சாயந்தரம் வூட்டுக்கு வந்தா வாயை மோந்து பாக்கும். தெனம். அப்பன் மாதிரியே புள்ளன்னு நெனச்சிகினே செத்திச்சி."

நான்தான் கேட்டேன். "பின்னே எதுக்குப்பா இந்தக் கூட்டத்துக்கு மைக் கட்ட ஒத்துக்கிட்டே?"

"தொழிலுக்குத்தான்க்கா. அப்பால, நா கீழ குந்தினு இருக்கச்சொல்ல மேல நின்னு அதையே சொல்றானான்னு பாக்கணும்னும் இருந்திச்சி."

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "அவன் குடிப்பானா, மாட்டானா?"

"மாட்டான்க்கா. ஒரு நாளும் தொட்டதில்லை. டெஸ்மண்டோட மாமா கொண்டுவந்த ரம். நானா குடிச்சேன். முனி வேண்டாம் வேண்டாம்னு பாட்டிலைப் பிடுங்கினான். அவன்தான் என்னைத் தூக்கி சைக்கிள்ல வச்சான்."

"பிறகு ஏன்டா அவன் பேரைச் சொன்னே?"

"டெஸ்மண்ட் பேரைச் சொன்னா அப்பா அவங்க வீட்டுக்குப் போய்க் கேட்பார். முனி வீட்டுக்கு யாரும் போய்க் கேட்க மாட்டாங்க. அவன் அப்பா சாராயத்துல செத்தவர். சொன்னா உடனே நம்புவாங்கன்னு தெரியும்க்கா."

கிடாரோடு சேர்த்து அவனைக் கிணற்றில் தள்ளலாம் போலிருந்தது. கோபத்தைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. அவன் சொன்னதும் நாங்கள் அத்தனை பேரும் நம்பினோமே, எவ்வளவு சுலபமாக நம்பினோம்!

"நாளைக்கு என்ன சொல்லப் போறே?" என்றேன்.

"அதைச் சொல்லலேன்னா பாட விடமாட்டாங்கக்கா" என்றான். குழந்தை மாதிரி சொன்னான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பந்தல் நிறைந்திருந்தது. அப்பா முன்வரிசை நாற்காலியில், நான் பெண்கள் பக்கத்தில். சுவி கிடாரோடு மேடையேறி மைக் முன்னால் நின்றான். கீழே முனிரத்தினம் ஆம்ப்ளிஃபயர் குமிழில் கை வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இத்தனை வருஷம் சொன்ன சாட்சி பொய்" என்றான் சுவி. "முனிரத்தினம் என் வாயில் ஊற்றவில்லை. அவன் குடிக்கிறவனே இல்லை. நானாகத்தான் குடித்தேன். அப்பாவுக்குப் பயந்து அவன் பேரைச் சொன்னேன். அவன் அம்மா அதைக் கேட்டு, நம்பி, அப்படியே செத்துப்போனாள்."

லாசரஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றவில்லை, அசையவே இல்லை. என் தம்பி பிழைத்துக்கொண்டான் என்று அந்த ஒரு நிமிஷம் நான் நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "ஸ்தோத்திரம்!" என்றது. உடனே இன்னொன்று. அப்புறம் பந்தல் முழுக்க ஸ்தோத்திரமும் அல்லேலூயாவும். லாசரஸ் பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்தார். "பிரியமானவர்களே! என்ன தாழ்மை! என்ன உடைந்த உள்ளம்!" என்றார். சுவி அழ ஆரம்பித்தான். அவன் அழுகை ஹார்னில் போயிற்று. அவன் அழுதால்கூட ராகமாகத்தான் இருக்கும், என்ன செய்ய? என் பக்கத்திலிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன சாட்சியைவிட இது நல்லா இருக்கு டீச்சர்" என்றாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

சட்டென்று சத்தம் நின்றது. சுவி வாயசைப்பது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"கரன்ட் போச்சா?" என்று லாசரஸ் கீழே குனிந்து கத்தினார். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

"ஆம்பிளி சூடாயிடுச்சி சார்" என்றான் முனிரத்தினம்.

சுவிக்குப் புரிந்தது. கிடாரைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டான். பாடவே இல்லை. பாட்டு எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை, சாட்சியே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் நானும் சுவியும் முனிரத்தினத்திடம் போனோம். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் லாசரஸ் பின்னாலேயே வந்து சுவியின் தோளைத் தட்டினார். "அடுத்த மாசம் ஊரப்பாக்கத்துல இதையே சொல்லணும் தம்பி. அழுகையோட சேர்த்து. இசைத்தட்டுக்கு நான் பேசிடுறேன்."

அவர் போனதும் முனிரத்தினம் சிரித்தான். "இதுக்கும் கை தட்றானுங்களேடா. பொய்யி சொன்னாலும் உனுக்கு மேடை, நெசம் சொன்னாலும் உனுக்கு மேடை. செம பேஜாரு."

"நான் என்ன செய்யணும் முனி? சொல்லு" என்றான் சுவி.

முனிரத்தினம் பனைமரத்தைக் காட்டினான். மரத்தில் ஹார்ன் இல்லை. "மேற்கால பாத்த ஹார்ன நா கட்டவே இல்ல. நீ மறுபடி அதையேதான் சொல்லுவ, எங்க ஊரு ஜனம் இன்னொரு தபா அத கேக்க வேணாம்னு உட்டுட்டேன். நீ இன்னாடான்னா நெசத்த சொல்லிட்ட. முடிச்சூருக்கு அது கேக்கல." ஒயரை முடிச்சுப் போட்டான். "ஆடில எங்க எல்லையம்மனுக்குக் கூழ் ஊத்துவோம். மைக்கு என்னுதுதான். வந்து சொல்லு. அழாம சொல்லு. கிடார எட்துகினு வா."

விஷயம் லாசரஸுக்கு எட்டியபோது மனுஷர் துடித்துப்போனார். அம்மன் கோயில் மைக்கில் போய் நின்றால் கன்வென்ஷன் மேடையும் கிடையாது, இசைத்தட்டும் கிடையாது, சபையில் பாடவும் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார். சுவி நாள் கணக்காகச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். பாட ஒரு இடம் என்று அவன் கையில் இருந்ததெல்லாம் அதுதான்.

ஒருநாள் அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "அந்தம்மா நம்ம வீட்டுக்குக் கீரை போட்டவ." அவ்வளவுதான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அந்த உடுப்போடேயே இருவரும் முடிச்சூருக்குப் போனோம். தனியாகப் போக அவனுக்குப் பயம். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. கோயிலுக்கு முன்னால் வேப்பிலைத் தோரணம், பெரிய பெரிய பானையில் கூழ், சொம்பும் தூக்குமாகச் சனம். முனிரத்தினம் பெட்டியோடு ஒரு மரத்தடியில் இருந்தான். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டை நிறுத்திவிட்டு மைக்கைச் சுவியிடம் நீட்டினான்.

"நான் தாம்பரம் வேதசிரோமணி வாத்தியார் மகன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஹார்னில் முனிரத்தினத்தைக் குடிகாரன் என்று சொன்னது நான்தான். அது பொய். அவன் குடித்ததே இல்லை, நான்தான் குடித்தேன்."

அழவில்லை.

யாரும் கை தட்டவில்லை. யாரும் திட்டவும் இல்லை. பானையில் அகப்பை இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "இன்னா சொல்றான்?" என்று ஒருவர் கேட்க, "நம்ம முனி குடிக்க மாட்டானாம்" என்று இன்னொருவர் சொன்னார். "அத்த இவன் வந்து சொல்லணுமா?" என்று முதலாமவர் கூழுக்குச் சொம்பை நீட்டினார். அங்காளம்மாள் ஒருத்தியைத் தவிர அந்த ஊரில் யாருமே அதை நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது. அது தெரிந்தபோது சுவி இன்னும் குறுகிப்போனான். மைக்கை வைத்துவிட்டு ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

வரிசையிலிருந்து ஒரு கிழவி தூக்குச்சட்டியோடு வந்தாள். முனியம்மா. அங்காளம்மாள் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரி, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மார்க்கெட்டுக்கு வருவார்கள் என்று எனக்கு ஞாபகம் வந்தது. சுவியின் முகத்துக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"நீதானா அது?" என்றாள். "பெத்த புள்ள கற்பூரம் அணைக்கிறான், நம்புடி அங்காளுன்னு நா எம்மாந்தபா சொல்லிகீறேன் தெரியுமா? அவ கேக்கல. அந்தக் கொரல கேட்டியா முனியம்மா, அம்மாம் நல்ல கொரல்ல பொய் வருமான்னா."

சுவி வாயை மூடிக்கொண்டான். கையை வைத்து மூடிக்கொண்டான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் நின்றபோதுகூட அப்படி இல்லை.

கிழவி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "கிடாரு கொண்டாந்துகிறியே, பாடு. கேக்குறேன்" என்றாள்.

சுவி முனிரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தான். முனிரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குமிழில் வைத்த கையை எடுக்காமலே, "பாட்றா" என்றான்.

குளிக்கிற தண்ணீர்ச் சத்தத்தில் ஒளித்து ஒளித்து அவன் போட்ட மெட்டு ஒன்று இருந்தது. அதை எடுத்தான். அவனிடம் வேறு குரல் இல்லை. அதே குரலில்தான் பாட வேண்டியிருந்தது.